சாமிக்கு ஒன்றா, இரண்டா?

மனிதர்கள் சொல்லும் பதில்களை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு ஊட்டுவது என் தொழிலாக இருந்தது. கோடிங் என்று அதற்குப் பெயர், சம்பளம் சுமார், மூக்குக் கண்ணாடி நிச்சயம்.

கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருமனதாக நம்புகிறார்கள். இந்த இரு சாராரும் ஒத்துப்போகும் விஷயங்கள் நாட்டில் மிகக் குறைவு என்பதால் இதைக் கலைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நாளில் கம்ப்யூட்டருக்கு எண்பது கட்டங்கள் தெரியும். ஆளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு எண்பது கட்டம். கட்டத்தில் எந்த வரிசையில் ஓட்டை விழுகிறதோ அதுதான் எண். எண்பத்தோராவதாக ஒரு சங்கதி உங்களிடம் இருந்தால் அதை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முக்கியமாக, பெயருக்கு அந்த அட்டையில் இடமே கிடையாது. வீட்டுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண், ஆணென்றால் 1, பெண்ணென்றால் 2. அவ்வளவுதான்.

இதை ஏன் இத்தனை கறாராகச் சொல்கிறேன் என்றால், நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு குழந்தை உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் கொஞ்ச காலம் இந்தத் தப்பான நம்பிக்கையைப் பொறுத்தே இருந்தது. கட்டம் போட்ட தாளோடு மாரடித்தவர்களே, மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் உங்களுக்குப் புரியும்.

திரு. ராஜாமணி

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தார், பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறந்துபோவது ஏன் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்கள். குடிதண்ணீர்தான் காரணம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சந்தேகம். அதே வீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று சுற்றுப் போய்க் கேட்க வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே தகரத்தைத் தட்டும்போது மேலே என் பேனா தானாகவே எழுதும்.

வீடு வீடாகப் போய் விவரம் எழுதிவந்தவர் ராஜாமணி. திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர், முப்பத்தைந்து வயதுக்காரர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவருக்கு வந்த நியமன உத்தரவில் 'திரு. ராஜாமணி அவர்களுக்கு' என்று இருந்தது. முதல் நாளே அவருக்கு நான் ஒரு விதி சொன்னேன். வீட்டுக்காரர்கள் சொன்னதை மட்டும் சொன்னபடி எழுத வேண்டும், ஊகித்து ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது, எழுதினால் வேலை போய்விடும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த 'திரு' பற்றிக் கேட்டதற்கு மட்டும் சிரித்தார். "ஆம்பளைன்னு நெனச்சுத்தானுங்க வேலை குடுத்தாங்க. நேர்ல பாத்ததுக்கப்பறம் திருப்பி வாங்க அவங்களுக்கு வெக்கம்."

சந்திப் பிழை

முதல் சுற்றுப் படிவங்கள் வந்தன. புதிதாகப் பிறந்த குழந்தைகள் சிலவற்றின் பெயர்க் கட்டத்தில் ராஜாமணி 'சாமி' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஆணா பெண்ணா என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் வாழப்பாடிக்குக் கிழக்கே பிறந்தவன். எங்கள் பக்கத்தில் எனக்கு ஒன்பது சாமிகளைத் தெரியும், ஒன்பதும் மீசை வைத்தவை. எனவே காலியாக இருந்த கட்டங்களில் எல்லாம் 1 என்று நானே நிரப்பினேன். ஊகிக்கக்கூடாது என்ற விதி விவரம் எழுதுபவருக்குத்தான், கோடிங் செய்பவருக்கு அல்ல.

ஒரு படிவம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வசந்தா என்ற பெண்ணின் வீடு. மூத்தது மகள், உயிரோடு இருக்கிறாள். இரண்டாவது 'சாமி', பிறந்த ஏழாம் நாள் இறந்தது. மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'சாமியை சாமி எடுத்துக்கிச்சு' என்று இருந்தது. எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே சொல்லாக அமைந்த வாக்கியம் அபூர்வம் என்பதால் நான் ரசித்துப் படித்தேன். பிறகு சிவப்பு மையை எடுத்து, வல்லெழுத்து மிகும் இடமாகையால் நடுவில் ஒரு 'ச்' போட்டு, 'சாமியைச் சாமி' என்று திருத்தி ராஜாமணியிடம் காட்டினேன். அவர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு எழுத்துத்தானுங்க விட்டுப்போச்சு? வேற ஒண்ணும் தப்பில்லீங்களா?"

நோஞ்சான் ஆண்கள்

இரண்டாம் சுற்றும் முடிந்து, மெட்ராஸிலிருந்து அட்டவணைகள் வந்தன. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலக் காகிதம், கோயில் பிரசாதம்போல நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கூடவே இயக்குநரின் குறிப்பு ஒன்று. எங்கள் பகுதியில் ஆண்குழந்தைகள் மட்டும் காய்ச்சலும் இல்லாமல், பேதியும் இல்லாமல், முதல் பத்து நாளுக்குள் இறக்கிறார்கள் என்றும், இப்படி ஒரு வினோதத்தை எங்கும் கண்டதில்லை என்றும், தண்ணீரில் ஆண்களை மட்டும் தாக்கும் உப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும்படியும் எழுதியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கண்டுபிடிப்பில் என் பெயரும் வரப்போகிறது என்று நினைத்தேன்.

ராஜாமணியைக் கூப்பிட்டு அட்டவணையைக் காட்டினேன். அவர் அந்த வரிசையில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். கீழே பட்டறையில் அன்றைக்குச் சத்தம் இல்லை. "சாமின்னா பையன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார். "எங்க பக்கம் கொழந்தையெல்லாமே சாமிதான். வயசானவங்களும் சாமிதான். பொண்ணையும் அப்படித்தான் கூப்புடுவோம்."

"அப்போ அந்தக் கட்டத்தை ஏன் காலியா விட்டீங்க?" என்று கேட்டேன். என் குரலில் இன்னும் அதிகாரம் கொஞ்சம் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"அவங்க சொல்லலை, நான் எழுதலை. சொன்னதைத்தான் எழுதணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. பையன்னா நான் வாசப்படி மிதிக்கறதுக்குள்ள சொல்லிருவாங்க சார். ஊட்டுக்குள்ள போயி, உக்காந்து, ரெண்டு தடவ கேட்டும் சொல்லலீன்னா, அதுதானுங்க பதில்."

மோர்

காலிக் கட்டத்தில் நான் 1 போட்டிருந்த படிவங்களை எல்லாம் தனியாக எடுத்துவைத்துப் பார்த்தோம். வசந்தா வீட்டின் இரண்டாம் சுற்றுப் படிவத்தில், வசந்தா மறுபடி கர்ப்பம் என்று இருந்தது. நாளை எண்ணினோம். மூன்றாம் சுற்றில் அந்த வீட்டுக்கு நானும் கூடப் போவது என்று முடிவாயிற்று. சரிபார்க்க மேலதிகாரி வருவது விதிப்படி சரிதான். எனக்குப் பயமாக இருந்தது என்பதற்கு விதியில் இடமில்லை.

பம்புசெட் வைத்த தோட்டம், ஓட்டு வீடு, களத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. வசந்தாவின் மாமனார் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, "வாங்க சாமி, வாங்க" என்றார். என்னைத்தான் சாமி என்றார். மூத்த பேத்தி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"வசந்தாவுக்குப் பொறந்துருச்சுங்களா?" என்று ராஜாமணி கேட்டார்.

"ஆச்சுங்க, நாலு நாளு. சாமி பொறந்திருக்குது."

"என்ன சாமிங்க?"

"சாமிதானுங்க" என்றார் பெரியவர், கடலையைக் காலால் கிளறியபடி. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, போன தடவ இந்தம்மா எழுதிட்டுப் போனதெல்லாம் மெட்ராஸ் மிஷினு வெச்சிருக்குதுங்களா? பேரு கீரெல்லாம்?"

தப்பான தகவலை என் ஆயுளில் நான் யாருக்கும் தந்ததில்லை. "மிஷின்ல பெயருக்கு..." என்று ஆரம்பித்தேன். என் கால்மேல் ராஜாமணியின் செருப்பு அழுத்தியது.

"எல்லாமே வெச்சிருக்குதுங்க" என்றார் அவர். "பேரு, பொறந்த நாளு, அப்பன் ஆத்தா யாரு, எல்லாமும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கும். இருந்த பேரு இல்லாம போச்சுன்னா ஏன்னு கேக்குமுங்க."

பெரியவர் கிளறுவதை நிறுத்தினார். அப்போது வீட்டுக்குள் இருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அக்கா, கவிதான்னு எழுதிக்கோங்க." குரல் மறுபடி வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. "பொண்ணு. கவிதா." ராஜாமணி பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 2 என்று எழுதி, மை காய ஊதினார். பெரியவர் சிரித்த முகம் மாறாமல் எங்களையே பார்த்தார். "நாலு நாளு கொழந்தைக்குப் பேருக்கு என்னுங்க அவசரம்? மோரைக் குடிங்க, புளிச்சுரப்போவுது."

யாருடைய ஓட்டைகளோ

திரும்பும் பஸ்ஸில் ராஜாமணி என்னைக் கேட்டார், மிஷினுக்குத் தெரியும் என்று வாயால் சொன்னது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று. கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது வேண்டும் என்றார். மெட்ராஸிலிருந்து அட்டவணைகளோடு, தவறாக ஓட்டை விழுந்த அட்டைகளையும் எங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். நான் அவற்றைப் புத்தகத்தில் அடையாளம் வைக்கப் பயன்படுத்தினேன். ஆபீஸ் திரும்பியதும் அவற்றில் ஒன்றை எடுத்து, மேல் விளிம்பில் கவிதா என்றும் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் எழுதி, ஆபீஸ் முத்திரை குத்தினேன். அந்த ஓட்டைகள் உண்மையில் என்ன சொல்லின என்பதையும் மனசாட்சிக்காக உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ரேடியோ இல்லாத ஏதோ ஒரு வீட்டில் தனியாக வசிக்கும் அறுபது வயதுக் கிழவர். அந்தத் தாலுகாவில் ஓட்டையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது ஆறுதல். இன்னொருவன் இருந்தால் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

ராஜாமணி மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். காலண்டர் மாட்டிய ஆணியில் அட்டையை மாட்டிவிட்டார்களாம். "மாட்டறதுக்கு முன்னாடி பெரியவரு ஓட்டையை எண்ணிப் பாத்தாருங்க சார். இத்தனையும் எங்கூட்டைப் பத்தித்தானான்னு கேட்டாரு. ஆமான்னேன். இன்னைக்கு மோர் குடுக்கலீங்க."

திருத்தம் கேட்டு வந்தவர்

பத்து நாள் கழித்து, மத்தியானம், பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒருவர் மாடியேறி வந்தார். காக்கிச் சட்டை, கையில் லாரி சாவி. வசந்தாவின் கணவர் என்று சொல்லிக்கொண்டார். சொந்த லாரி, தானே ஓட்டுகிறார். வடக்கே போய்விட்டு நேற்றுத்தான் ஊர் திரும்பினாராம். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"எங்கூட்டு அட்டையில பொண்ணுன்னு தப்பா விழுந்திருச்சுங்க சார். பையனுங்க அது. மாத்திக் குடுத்துருங்க."

பொய் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு அதிர்ஷ்டவசமாக ஒரு உண்மை கிடைத்தது. "விழுந்த ஓட்டை விழுந்ததுதானுங்க. அதை அடைக்கிற கருவி இன்னும் உலகத்துல யாரும் செய்யலை" என்றேன். அவர் என் மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணு ஆச்சுன்னா இங்க தெரிஞ்சுரும், நீங்க வந்து நிப்பீங்க. அப்படித்தானுங்களே?"

"மிஷின் அனுப்பினா வந்துதானே ஆகணும்" என்றேன். அவர் அட்டையை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். படியில் இரண்டு படி இறங்கியவர் நின்று, மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார். "சரிங்க. வாரப்ப சொல்லிட்டு வாங்க."

அடிக்குறிப்பு

நான் போட்ட 1-களை எல்லாம் 2-ஆக மாற்றி எழுதி, கோடிங் தாள்களோடு மெட்ராஸுக்கு நானே பஸ் ஏறினேன். புதிய அட்டைகள் அடித்து, புதிய அட்டவணை வந்தது. ஒரு வரிசையில் இருந்த எண்கள் அப்படியே பக்கத்து வரிசைக்குப் போயிருந்தன. மிஷின் அதற்கு எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. பையன்கள் சாகிறார்கள் என்றபோது எப்படி ஒப்புக்கொண்டதோ அப்படியே பெண்கள் என்றபோதும் ஒப்புக்கொண்டது. போலீசுக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் கையில் இருந்த சாட்சியம் சில காலிக் கட்டங்கள். அவற்றை நான் வேறு என் கையாலேயே நிரப்பிக் கெடுத்திருந்தேன்.

இயக்குநர் நல்ல மனிதர். அட்டவணையை வெகுநேரம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இரண்டு தடவை ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தார். மூன்றாம் சுற்றோடு ஆய்வு முடிகிறது, நாமக்கல் ஆபீஸை மாதக் கடைசியில் காலி செய்யலாம் என்றார். அட்டவணையை என்ன செய்வது என்று கேட்டேன். "நாம கேட்டது தண்ணியைப் பத்தி. பதில் வேற கேள்விக்கு வந்திருக்கு. அடிக்குறிப்பில போட்டுக்கலாம்."

நான்காம் சுற்று

ஆபீஸ் மூடியாயிற்று. ராஜாமணிக்குப் பள்ளிபாளையத்தில் ஒரு நூல் கடையில் வேலை கிடைத்தது. எனக்குச் சேலத்தில் ஒரு கல்லூரியில், கணக்குத் துறையில் எழுத்தர் வேலை. மிஷின் கேட்பதை நிறுத்திவிட்டது என்பது எங்கள் இருவரையும் தவிர அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ராஜாமணியிடமிருந்து கார்டு வந்தது. மிச்சமிருந்த வெற்றுப் படிவங்களை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலை நாமக்கல் பஸ் நிலையத்துக்கு நான் வந்துவிட வேண்டும். "ஒரு ஊட்டுக்கு மட்டும் போனா சந்தேகம் வந்துரும் சார், தெருவையே எழுதணும்" என்று நேரில் பார்த்ததும் சொன்னார். ஊர் நிறுத்தத்தில் இறங்கி, தோட்டத்து வழியில் நடக்கும்போது, அவர் முன்னால் போகட்டும் என்று நான் மெதுவாக நடந்தேன். அவரும் மெதுவாகத்தான் நடந்தார். வசந்தாவின் கணவர் கேட்டுக்கொண்டபடி சொல்லிவிட்டு வரவும் இல்லை.

களத்தில் யாரும் இல்லை. வாசலில் நின்று ராஜாமணி கூப்பிட்டார். உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் ஜன்னலைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

வசந்தா வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை இருந்தது. கன்னத்தில் மைப் பொட்டு, வாயில் விரல், என் கண்ணாடியைப் பிடுங்கக் கையை நீட்டியது. வசந்தா எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. குழந்தையை மட்டும் சற்றே எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள், கணக்கெடுப்பவருக்குக் காட்டுகிற மாதிரி. ராஜாமணி எழுத முயன்று பேனா மூடியைக் கழற்ற முடியாமல் நின்றார். நான்தான் கழற்றிக் கொடுத்தேன்.

பெரியவர் பின்கட்டிலிருந்து வந்தார். படிவத்தில் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். "இதா, இருக்குது, பாத்துக்கிட்டீங்க. உங்க மிஷினுகிட்டச் சொல்லிப்போடுங்க. ஆனா எங்கூட்டை மட்டும் இப்படிக் கேட்டா எப்படிங்க? அடுத்த ஊட்டுலயும் போயிக் கேக்க வேண்டியதுதானுங்களே?"

போனோம். அடுத்த வீட்டுக் கொடியில் கைக்குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணிகள் ஏழெட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் கையில் படிவத்தைப் பார்த்ததும் ஒரு பெண் வந்து, கொடியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். ராஜாமணி வணக்கம் சொல்லுவதற்குள் கதவு பாதி சாத்தியாகிவிட்டது. "எங்கூட்டுல எதுவும் பொறக்கலீங்க. ஓட்டை போட்ட அட்டையெல்லாம் எங்களுக்கு வேண்டாமுங்க."

கவிதாவின் வீட்டைத் தவிர அந்தத் தெருவில் எல்லா வீடும் பூட்டியிருந்ததாக எழுதிக்கொண்டு, ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தோம்.